மவுண்ட் ரோட்டில் ஓர் இங்கிலீஷ் மருந்துக்கடை

ஆலங்காயம், வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்து ஆட்களுக்குச் சென்னையை முதலில் காட்டிக்கொடுத்தது சினிமா. ஊரிலிருந்து ஓடிவரும் கதாநாயகன் சென்ட்ரலில் இறங்குவான். அடுத்த காட்சியில் கேமரா கீழிருந்து மேலே ஏறும், ஏறிக்கொண்டே இருக்கும். பதினான்கு மாடியா, பதினைந்து மாடியா என்று டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்து சண்டை போட்டவர்கள் இன்று பேரன் பேத்தி எடுத்திருப்பார்கள். எல்.ஐ.சி. கட்டிடத்தைப் பார்த்துவிட்டால் சென்னை வந்துவிட்டது என்று அர்த்தம்.

அதே எல்.ஐ.சி.க்குச் சொந்தமாக, அதே சாலையில், நடந்து போகிற தூரத்தில் இன்னொரு கட்டிடம் நிற்கிறது. அண்ணா சாலையும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் சேருகிற முனையில், சிவப்புச் செங்கலும் வளைவுகளும் கும்மட்டங்களும் மினாருமாக. ஜி.பி. ரோட்டுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கப் போகும் லாரிக்காரர்கள் எத்தனையோ முறை அதைத் தாண்டிப் போயிருப்பார்கள். சுவரில் செடி முளைத்து, ஜன்னல் விழுந்து, சுற்றிலும் அடைப்புப் போட்டிருந்ததால் அது கோயிலா, மசூதியா, கோர்ட்டா என்றுகூடப் பலருக்குக் கேட்கத் தோன்றியதில்லை.

அது ஒரு கடை. இங்கிலீஷ் மருந்துக்கடை. விக்டோரியா மகாராணி ஆட்சிக்கு அறுபதாண்டு நிறைந்து வைரவிழா கொண்டாடிய 1897-ல் கட்டி முடித்த கடை. அதை இடிக்கலாமா கூடாதா என்று நடந்த வழக்குதான், சென்னையில் பழைய கட்டிடங்களுக்குச் சட்டக் கவசம் என்று ஒன்று கிடைக்க வழிவிட்டது. கவசம் கிடைத்த பிறகும் அந்தக் கட்டிடத்தின் கதவு மட்டும் திறக்கவில்லை. ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

சோடாவும் மூக்குக்கண்ணாடியும்

டபிள்யூ. இ. ஸ்மித் என்ற வெள்ளைக்காரர் 1868-ல் இந்தியா வந்தார். முதலில் ஊட்டியில் வியாபாரம். குளிர் மலையில் இளைப்பாற வந்த துரைமார்களுக்கு மருந்து விற்றுக் கையில் காசு சேர்ந்ததும் மெட்ராஸுக்கு இறங்கினார். மொத்த மருந்து வியாபாரம், சில்லறை விற்பனை, மூக்குக்கண்ணாடி, அறுவை சிகிச்சைக் கருவிகள் என்று ஸ்மித் அண்ட் கம்பெனி வளர்ந்தது. வளர்ந்த கம்பெனிக்கு வளர்ந்த வீடு வேண்டுமே. மவுண்ட் ரோடு முனையில் ‘கார்டைல் பில்டிங்’ எழும்பியது.

வரைபடம் போட்டவர் ஜே. எச். ஸ்டீபன்ஸ். மெட்ராஸ் உயர் நீதிமன்றக் கட்டிட வேலையில் ஹென்றி இர்வினோடு சேர்ந்து உழைத்தவர். அந்த நீதிமன்றம் 1892-ல் திறக்கப்பட்டது. கோர்ட் கட்டிப் பழகிய கை அடுத்த சில ஆண்டுகளில் கடை கட்டினால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட கோர்ட் மாதிரியேதான் இருந்தது. இந்தோ-சாரசெனிக் என்று கட்டிடக்கலைக்காரர்கள் சொல்லும் பாணி: முகலாயக் கும்மட்டம், ஐரோப்பியக் கூரிய வளைவு, மதுரை மகாலிலிருந்தும் சேப்பாக்கத்திலிருந்தும் எடுத்த சங்கதிகள் எல்லாவற்றையும் ஒரே சுவரில் சேர்ப்பது. அரண்மனைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் அரசாங்கம் எடுத்துக்கொண்ட அந்தப் பாணியை ஒரு மருந்து வியாபாரி தன் கடைக்கு எடுத்துக்கொண்டார். மினாரின் உயரம் மட்டும் நூறு அடி. இருமல் மருந்து விற்க நூறு அடி மினார் எதற்கு என்று நாம் கேட்கலாம். டிரங்க் ரோட்டில் மூன்று மாடி உயரத்துக்குக் கண்ணாடி மாட்டி நகைக்கடை கட்டுகிறவர்கள் கேட்க மாட்டார்கள்.

கீழே பெரிய ஷோரூம். பின்பக்கம் சோடா தயாரிக்கும் கூடம். டாக்டர்கள் நோயாளி பார்க்கத் தனி அறைகள். மேலே ஆட்கள் குடியிருக்க இடம். ஒரே கூரைக்குள் மருந்தும் மருத்துவரும் கண்ணாடியும் சோடாவும் கிடைத்தன.

அன்றைய மவுண்ட் ரோடே அப்படித்தான் இருந்தது. புத்தகத்துக்கு 1844-ல் தொடங்கிய ஹிக்கின்பாதம்ஸ், கடிகாரத்துக்கும் வெள்ளிச் சாமானுக்கும் பி. ஆர் அண்ட் சன்ஸ், குதிரை வண்டிக்கு சிம்சன், மற்ற எல்லாவற்றுக்கும் ஸ்பென்சர். துரை வீட்டுக்கு வேண்டிய எதுவும் இந்தச் சாலையைத் தாண்டிப் போகாமல் கிடைத்தது. வாங்கத்தான் ஆள் வேண்டும். சாதாரண மெட்ராஸ்வாசிகள் இந்தப் படிகளை ஏறியது அபூர்வம்.

இதே நகரத்தின் இன்னொரு முனையில் நம் பக்கத்துச் சரக்கு போய் இறங்கிக்கொண்டிருந்தது. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தண்டவாளம் போட்டார்கள். அது பிறகு ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஜோலார்பேட்டைக்கு நீண்டது. ஆவாரம் பட்டையில் பதமிட்ட தோல் கட்டுக்கட்டாக ரயிலேறிப் பெரியமேட்டு மண்டிகளுக்குப் போனது. அங்கிருந்து கப்பல், கப்பலிலிருந்து லண்டன் ஏலம். தாது வருஷப் பஞ்சத்தில் மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தபோது தோல் ஏற்றுமதி மட்டும் ஏறியது என்பது இந்தத் தொழிலின் வரலாற்றில் யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளாத பக்கம். பெரியமேட்டில் நாம் அவர்களுக்கு விற்றோம். மவுண்ட் ரோட்டில் அவர்கள் தங்களுக்குள் விற்றுக்கொண்டார்கள். இரண்டுக்கும் நடுவே கூவம்.

லாகூரிலிருந்து வந்த சொந்தக்காரர்

ஸ்மித் கம்பெனியின் வியாபாரம் 1920களில் ஸ்பென்சர் கைக்குப் போனது. கட்டிடத்தை 1934-ல் வாங்கியது பாரத் இன்ஷூரன்ஸ் கம்பெனி. மெட்ராஸ்காரர்கள் ‘கார்டைல்’ என்ற வாயில் நுழையாத பெயரை அன்றோடு மறந்து, பாரத் பில்டிங் என்று சொல்லத் தொடங்கினார்கள்.

இந்த பாரத் கம்பெனியின் கதையைச் சற்று நின்று சொல்ல வேண்டும். ஆலங்காயத்தில் பாலிசி போட்டவருக்கும் இந்தக் கட்டிடத்துக்கும் உறவு உண்டாவது இங்கேதான்.

1896-ல் லாகூரில் பாரத் இன்ஷூரன்ஸைத் தொடங்கியவர் லாலா ஹர்கிஷன் லால். பஞ்சாப் நேஷனல் வங்கியை உருவாக்கியவர்களில் ஒருவர். 1919-ல் பஞ்சாபில் ராணுவச் சட்டம் வந்தபோது வெள்ளை அரசு அவரைச் சிறையில் தள்ளியது. இரண்டு ஆண்டு கழித்து அதே மாகாணத்தில் அவர் மந்திரி. கடைசியில் கடனில் மூழ்கி, திவாலாகி, 1937-ல் இறந்தார். இப்படி ஒரு வாழ்க்கையைப் படமாக எடுத்தால் நம்ப மாட்டோம். அவர் கையிலிருந்து நழுவிய கம்பெனி ராமகிருஷ்ண டால்மியாவிடம் வந்தது.

டால்மியா அந்தக் காலத்துப் பெருமுதலாளி. சர்க்கரை, சிமெண்ட், வங்கி என்று அவர் கைவைக்காத தொழில் குறைவு. 1946-ல் டைம்ஸ் ஆஃப் இந்தியா பத்திரிகையை நடத்திய பென்னட் கோல்மன் கம்பெனியை வாங்கினார். பாலிசிதாரர்கள் கட்டிய பிரீமியப் பணம் டால்மியாவின் சொந்த வியாபாரங்களுக்குப் போகிறது என்று 1955 இறுதியில் மக்களவையில் எழுந்து பேசினார் பெரோஸ் காந்தி. பிரதமர் நேருவின் மருமகன், ஆளும் கட்சி உறுப்பினர். அவையில் அதை எதிர்பார்த்தவர்கள் அதிகம் இருந்திருக்க முடியாது. விசாரணை, வழக்கு, முடிவில் டால்மியாவுக்குச் சிறை.

1956 ஜனவரி 19 இரவு. நிதியமைச்சர் சி. டி. தேஷ்முக் வானொலியில் பேசினார்: ஆயுள் காப்பீட்டை அரசு எடுத்துக்கொள்கிறது. முன்கூட்டித் தெரிந்தால் கம்பெனிக்காரர்கள் கணக்குப் புத்தகங்களை ஒளித்துவிடுவார்கள் என்பதால் அவசரச் சட்டமாகவே கொண்டுவந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று எல்.ஐ.சி. பிறந்தது. இந்தியக் கம்பெனிகளும் வெளிநாட்டுக் கம்பெனிகளும் பிராவிடண்ட் சொசைட்டிகளுமாகச் சேர்ந்து 245 நிறுவனங்கள் அதற்குள் அடங்கின. தேசியமயத்துக்குக் காரணங்கள் பல. அவற்றில் முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது பாரத் இன்ஷூரன்ஸ் விவகாரம். மவுண்ட் ரோட்டு மினாரின் கீழே பெயர்ப்பலகை மாட்டியிருந்த அதே கம்பெனி.

இப்படித்தான் அந்த மருந்துக்கடை பொதுச் சொத்தானது.

எல்.ஐ.சி. வானளாவக் கட்டிய கட்டிடத்துக்கும் இப்படியொரு தனியார் வேர் உண்டு. யுனைடெட் இந்தியா காப்பீட்டுக் கம்பெனிக்காக அதைக் கனவு கண்டவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். 1954 மார்ச்சில் சிங்கப்பூர் விமான விபத்தில் அவர் இறந்துபோனார். நாட்டுடைமையானபின் எல்.ஐ.சி. வேலையை முடித்தது. 1959 ஆகஸ்டில் மொரார்ஜி தேசாய் திறந்து வைத்தார். உயரம் 177 அடி. 1975 ஜூலையில் அதில் பெருந்தீ பிடித்தது. எரிந்த மாடிகளைச் சீராக்கி மறுபடி அலுவலகம் வைத்தார்கள். தீக்காயம் பட்ட தம்பிக்கு வைத்தியம் நடந்தது. மழைத்தண்ணீர் ஒழுகிய அண்ணனுக்கு நடக்கவில்லை.

இடிக்க வந்த கடப்பாரை

1998-ல் பாரத் கட்டிடம் குடியிருக்க ஆபத்தானது என்று எல்.ஐ.சி. முடிவு செய்தது. வாடகைக்கு இருந்தவர்களைக் காலி செய்யச் சொன்னார்கள். 2006-ல் இடிப்பு வேலை தொடங்கியது. மேல்பகுதிகள் பிரிபடத் தொடங்கியதும் இன்டாக் எனப்படும் இந்தியத் தேசியக் கலை, பண்பாட்டு மரபு அறக்கட்டளை உயர் நீதிமன்றத்துக்கு ஓடியது. கடப்பாரை நின்றது.

அன்று இந்தக் கட்டிடத்துக்கு வயது 109. ‘நூறு வயது தாண்டிவிட்டதே, அரசாங்கம் தானாகக் காப்பாற்றாதா’ என்று கேட்பவர்கள் உண்டு. காப்பாற்றாது. வேலூர்க் கோட்டைக்கு மத்தியத் தொல்லியல் துறை காவல் இருக்கிறது. கோயிலுக்கும் குகைக்கும் கல்வெட்டுக்கும் சட்டம் இருக்கிறது. ஒரு கடைக்கு, ஒரு மண்டிக்கு, ஒரு லாட்ஜுக்கு அன்று தமிழ்நாட்டில் எந்தச் சட்டமும் இல்லை. பம்பாயில் 1995-லேயே மரபுக் கட்டிட விதிகளைக் கொண்டுவந்துவிட்டார்கள். லண்டனில் கட்டிடங்களைத் தரம் பிரித்துப் பட்டியலிடுவது இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்திலிருந்தே நடக்கிறது. பட்டியலில் ஏறிய கட்டிடத்தை உரிமையாளர் நினைத்தபடி இடிக்க முடியாது.

சென்னைக்கு அப்படியொரு பட்டியல் விளம்பரப் பலகை வழியாக வந்தது. நகரத்தை மூடிக்கிடந்த ராட்சத விளம்பரப் பலகைகளை அகற்றும் வழக்கில், அழகும் வரலாறும் உள்ள கட்டிடங்களின் முன்னால் பலகை வைக்கக் கூடாது என்று ஒரு வாதம் எழுந்தது. அப்படியானால் எவை அந்தக் கட்டிடங்கள்? நீதிபதி இ. பத்மநாபன் குழு தேடிப்பிடித்து எழுதிக் கொடுத்தது. நானூறுக்கும் மேற்பட்ட கட்டிடங்கள் அதில் இடம்பெற்றன. பாரத் கட்டிடமும் அவற்றில் ஒன்று.

இன்டாக் வழக்கில் 2010 ஏப்ரல் 29 அன்று வந்த தீர்ப்பு அந்தப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டது. மறைக்கவே கூடாது என்று சொன்ன கட்டிடத்தை இடிக்கலாம் என்றால் அதற்கு என்ன பொருள்? பாரத் கட்டிடத்தை இடிக்கத் தடை. பட்டியலில் உள்ளவற்றைத் தொடவேண்டுமானால் கேட்டுச் செய்ய மரபுக் கட்டிடப் பாதுகாப்புக் குழு அமைக்கவேண்டும். அப்படி அமைந்த குழு சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் கீழ் இன்றுவரை கட்டிடங்களைத் தரம் பிரித்து வருகிறது. ஒரு மருந்துக்கடைக்காகப் போட்ட வழக்கு நூற்றுக்கணக்கான கட்டிடங்களின் தலையைக் காப்பாற்றியது.

தீர்ப்பு வந்த நாளில் இன்டாக் தரப்பில் இருந்த மகிழ்ச்சி நியாயமானது. ஆனால் நீதிமன்றத்தால் இடிக்காதே என்று சொல்லமுடியும். வாடகைக்கு விடு, ஒட்டடை அடி, தண்ணீர்க்குழாய் அடைப்பை எடு என்று தினமும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. ஆள் புழங்காத கட்டிடத்தில் ஓடு ஒன்று நகர்ந்தாலும் பார்க்க ஆளில்லை. மெட்ராஸ் டெரஸ் கூரை தேக்கு உத்திரங்களின்மேல் செங்கலை நிறுத்திச் சுண்ணாம்பில் பிணைத்துப் போடுவது. தண்ணீர் தேங்காதவரை அதற்கு ஆயுசு கெட்டி. வடிகால் அடைத்துக்கொண்டால் ஒரு மழைக்காலத்தில் உத்திரத்தின் தலை உளுத்துவிடும். காக்கை எச்சத்திலிருந்து அரசங்கன்று முளைத்து, செங்கல் இடுக்கில் வேர்விட்டு, சுவரைப் பிளக்கும். இடிக்கத் தடையுள்ள கட்டிடத்தை இடிக்க இதைவிட மலிவான வழி கிடையாது. யாரும் திட்டமிட்டு அப்படிச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. திட்டம் எதுவும் இல்லாததே போதும்.

எல்.ஐ.சி. தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. அவர்கள் கையில் இருப்பது பாலிசிதாரர் பணம். அண்ணா சாலை முனையிடத்தில் அடுக்குமாடி கட்டினால் வரும் வாடகையையும், மினாருக்குக் கும்மட்டம் வைக்க ஆகும் செலவையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பார்க்கும் அதிகாரி என்ன முடிவெடுப்பார்? மாதம் பிறந்தால் ஏஜெண்டிடம் பிரீமியம் கொடுக்கும் ஆம்பூர் ஷூ கம்பெனித் தொழிலாளியின் காசில் மெட்ராஸ் துரை கட்டிய கடையைப் பழுது பார்க்கவேண்டுமா என்று கேட்டால் எனக்கும் உடனே பதில் வராது. பட்டியல் போடுவது சமூகம். செலவு மட்டும் சொந்தக்காரருக்கு. இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் மாற்றத்தக்க வளர்ச்சி உரிமை என்ற ஏற்பாடு இருக்கிறது. இந்த இடத்தில் கட்டமுடியாத சதுர அடியை வேறு இடத்தில் கட்டிக்கொள்ளலாம், அல்லது விற்றுக்கொள்ளலாம். சென்னை விதிகளிலும் அது உண்டு. காகிதத்தில் இருப்பது இந்தக் கட்டிடத்துக்கு உதவியதாகத் தெரியவில்லை.

கடை நடந்தால் கட்டிடம் நிற்கும்

பாரத் கட்டிடத்திலிருந்து கொஞ்சம் நடந்தால் ஹிக்கின்பாதம்ஸ். 1904-ல் கட்டிய கட்டிடம். அன்று விற்ற புத்தகத்தைத்தான் இன்றும் விற்கிறார்கள். பாடநூலும் சமையல் குறிப்பும் விற்கிற காசில் தரைக்கல்லும் வண்ணக் கண்ணாடியும் பிழைத்துக்கிடக்கின்றன. அதைக் காப்பாற்ற எந்த இயக்கமும் தேவைப்படவில்லை. காலையில் யாரோ ஒருவர் ஷட்டரைத் தூக்கினார், அவ்வளவுதான். பி. ஆர் அண்ட் சன்ஸின் முகப்பும் அப்படியே நிற்கிறது. அங்கேயும் 2011-ல் மெட்ரோ ரயில் வேலைக்காகப் பின்பக்கக் கட்டிடத்தின் ஒரு பகுதி போய்விட்டது. கடிகாரம் ஓடும் முன்பக்கத்தில் யாரும் கைவைக்கவில்லை. ஸ்பென்சரின் பழைய அழகு 1980களின் தீயில் போயிற்று. அந்த இடத்தில் பிளாசா வந்தது.

லண்டனில் செயின்ட் பான்கிராஸ் ரயில் நிலையத்தை ஒட்டிய விக்டோரியன் ஹோட்டலுக்கும் இதே கதி வந்தது. 1935-ல் ஹோட்டலை மூடினார்கள். 1960களில் இடிக்கவிருந்தார்கள். கவிஞர் ஜான் பெட்ஜமனும் மற்றவர்களும் போராடி 1967-ல் முதல்தரப் பட்டியலில் ஏற்றினார்கள். மறுபடி ஹோட்டலாகத் திறந்தது 2011-ல். பட்டியலில் ஏறியதிலிருந்து விருந்தாளி உள்ளே வர 44 ஆண்டு. பணக்கார நாட்டிலேயே அவ்வளவு காலம் பிடித்தது. பம்பாயின் வாட்சன் ஹோட்டலுக்கு அந்தப் பேறு இன்னும் கிட்டவில்லை. 1896-ல் லூமியேர் சகோதரர்களின் படத்தை இந்தியாவில் முதலில் காட்டிய இடம் அது. 2005-ல் அதன் ஒரு பகுதி சரிந்தது; வெறும் பட்டியல் அதைத் தாங்கிப் பிடிக்கவில்லை.

சென்னையில் கைத்திறன் இல்லை என்றும் சொல்லமுடியாது. சேப்பாக்கம் அரண்மனையின் கல்சா மகால் 2012 ஜனவரியில் எரிந்து கூரை விழுந்து எலும்புக்கூடாக நின்றது. பொதுப்பணித் துறை சுண்ணாம்பு அரைத்து, பழைய முறையிலேயே காரை பூசி அதை எழுப்பியது. இந்த வேலைகளில் கொத்தனார்கள் சுண்ணாம்புக்குக் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துப் புளிக்க வைக்கிறார்கள். கடுக்காய் என்றதும் நம் பக்கத்தில் காது நிமிரும். ஜவ்வாது மலையில் பொறுக்கி ஆலங்காயம் சந்தை வழியாக இறங்கிய கடுக்காய், தோலுக்கும் பதம் கொடுத்தது, சுவருக்கும் பதம் கொடுத்தது. எரிந்த அரண்மனையை மீட்கத் தெரிந்த ஊருக்கு ஒழுகும் கடையை மீட்கத் தெரியாதா? அரண்மனைக்குள் அலுவலகம் வைக்க ஆள் இருந்தது. கடைக்கு இன்னும் ஆள் வரவில்லை.

கூரையை முடித்துவிட்டு யாரையாவது தேடலாம் என்று இருந்தால் கூரையும் முடியாது, ஆளும் வரமாட்டார். முதலில் வாடகைக்காரரைப் பிடிக்கவேண்டும். கீழ்த்தளத்தில் துணிக்கடையோ உணவகமோ, மேலே எல்.ஐ.சி.யின் சொந்தக் கிளை அலுவலகமோ வரட்டும். மவுண்ட் ரோட்டில் இதைவிடக் கண்ணைப் பறிக்கும் முகப்பு எந்தக் கடைக்காரருக்குக் கிடைக்கும்? அருங்காட்சியகம் ஆக்கலாம் என்று அடிக்கடி ஒரு யோசனை வரும். வேண்டாம். வியாபாரத்துக்குக் கட்டியது வியாபாரத்தில்தான் மூச்சுவிடும்.

இதை எழுதும்போது வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ஆம்பூரின் பழைய டேனரிகள் நினைவுக்கு வராமலில்லை. மங்களூர் ஓடு வேய்ந்த நீளக் கொட்டகைகள், காற்றுக்காக மரச்சட்டம் அடித்த மேல்மாடிகள், கீழே வரிசையாகச் சுண்ணாம்புத் தொட்டிகள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. மாசுபடுத்தியவரே இழப்பைக் கட்டவேண்டும் என்ற விதி நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உறுதி செய்த தீர்ப்பு அது. பாலாற்றுத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு அதன் நியாயத்தை யாரும் விளக்கவேண்டியதில்லை. சுத்திகரிப்பு வசதி செய்ய முடியாத டேனரிகள் மூடிக்கொண்டன, கொட்டகைகள் காலியாயின. நாற்றமும் நோவும் அந்தச் சுவர்களுக்குள் இருந்தது உண்மை. நூறாண்டுக்கு மேல் இந்த வட்டாரத்துக்குச் சோறு போட்ட தொழிலின் உருவம் அங்கேதான் இருக்கிறது என்பதும் உண்மை.

பத்மநாபன் குழுவின் பட்டியல் சென்னைக்கு மட்டும். தமிழ்நாடு முழுவதற்குமாக மரபு ஆணையச் சட்டம் ஒன்றை 2012-ல் சட்டமன்றம் நிறைவேற்றியது. அதன்படி கோட்டையும் கோயிலும் மட்டுமல்லாமல் கடையும் மண்டியும் கொட்டகையும்கூட மரபுச் சொத்தாகலாம். அதற்கு முதல் வேலை, எந்த ஊரில் என்ன நிற்கிறது என்று யாராவது நடந்து பார்த்து எழுதுவது. எங்கள் பக்கத்தில் அந்த வேலையைப் பள்ளிக்கூட வரலாற்று வாத்தியார்களிடம் கொடுத்தால் ஒரு கோடை விடுமுறையில் முடித்துவிடுவார்கள்.